நிறக்குருடு கேள்வியும் மங்கம்மாவின் பச்சைச் சேலையும்

மங்கம்மாவை எனக்கு முதலில் பிடிக்காது. காரணம் சின்னதுதான். என் தூக்கத்தைக் கெடுத்தவர் அவர்.

ஓசூர் சிப்காட்டில் கார்களுக்கு பிரேக் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். பெயர் யேசுராஜ். காவேரிப்பட்டினத்தில் காலை ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் கிளம்பும். முதல் ஆளாக ஏறி, இடப்பக்கம் மூன்றாவது ஜன்னல் சீட்டில் சாய்ந்தால் ஓசூர் போய்ச் சேரும்வரை ஒன்றரை மணி நேரம் கண் திறக்க மாட்டேன். பதினோரு வருடமாக அப்படித்தான். வீட்டில் கிடைக்காத தூக்கம் அது. ஏன் கிடைக்காது என்று எழுதினால் என் மனைவி படித்துவிடுவாள், அதனால் எழுதவில்லை.

மங்கம்மா குருபரப்பள்ளியில் ஏறுவார். எங்கள் கேன்டீனில் காய் நறுக்குகிற வேலை. வயது நாற்பத்து மூன்று, படிப்பு பத்தாம் வகுப்பு. வருவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது, அப்படி ஒரு அமைதியான மனுஷி. அவரைப் பேச வைத்தது சுஜாதாவின் வாந்தி.

சுஜாதா அசெம்பிளி பிரிவில் வேலை செய்கிற பெண். அவளும் அவள் தோழி டெல்பினும் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் புத்தகத்தைத் திறக்கத் தெம்பு இருக்காது. பஸ்ஸில்தான் படித்தாக வேண்டும். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தாலே சுஜாதாவுக்குக் குமட்டும். ஒருநாள் சூளகிரி நெருங்கும்போது பாலிதீன் பையைத் தேடி ஓடினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மங்கம்மா புத்தகத்தை அவள் மடியிலிருந்து எடுத்து, "நீ கண்ண மூடிக்கினு சாஞ்சுக்க. நான் படிக்கறேன், நீ பதில மட்டும் சொல்லு" என்றார். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

அறிவியல் பகுதியில்தான் இருவரும் மோசம். அதனால் மங்கம்மா தினமும் அதையே எடுத்தார். செல்லின் ஆற்றல் நிலையம் எது, புரதம் தயாராகும் இடம் எது, இன்சுலினைச் சுரப்பது எது என்று கணீரென்று கேட்பார். கேன்டீனில் குக்கர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். டிரைவருக்கே கேட்கும். ஒரு மாதத்தில் பஸ்ஸில் பாதிப் பேர் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டம் சேர்ந்ததும் மங்கம்மா ஒரு சட்டம் போட்டார். தப்பான பதில் சொல்கிறவர் ஜன்னல் சீட்டில் இருந்தால் எழுந்து, சரியான பதில் சொன்னவருக்கு அதை விட்டுக்கொடுக்க வேண்டும்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். "பித்தநீரைச் சுரப்பது எது?" என்று கேட்டபோது, இவ்வளவு எளிதான கேள்விக்கு எதற்கு இத்தனை கூச்சல் என்ற எரிச்சலில், "பித்தப்பை" என்று கண்ணை மூடியபடியே சொல்லித் தொலைத்தேன். பஸ்ஸே சிரித்தது. டெல்பின் சொன்ன கல்லீரல்தான் சரியான பதிலாம். கல்லீரல் சுரக்கிறது, பித்தப்பை சேர்த்து மட்டும் வைக்கிறதாம்.

"ஊத்தி வச்ச பாத்திரத்தச் சொல்றீங்கோ அண்ணா. ஆக்கறவள யாரும் சொல்ல மாட்டேங்கறீங்கோ" என்றார் மங்கம்மா. பதினோரு வருட சீட்டை டெல்பினிடம் கொடுத்துவிட்டு நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தேன். கோபம் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் கிருஷ்ணகிரியில் இறங்கி நானும் ஒரு வினா விடைப் புத்தகம் வாங்கினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சீட்டு போனதில் ஒரு நன்மை, மங்கம்மாவுக்குப் பக்கத்து வரிசை கிடைத்தது. அவர் வீட்டுக் கதை எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அவர் கணவர் கிருஷ்ணப்பன். குருபரப்பள்ளிக்கு உள்ளே ஒன்றேகால் ஏக்கரில் தக்காளி போடுகிறவர். மங்கம்மாவுக்குத் தாய்மாமன். அதாவது, கிருஷ்ணப்பனின் அக்கா பெண்தான் மங்கம்மா. எங்கள் பக்கத்தில் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பெண் பிறந்த அன்றே மாமனுக்குத்தான் என்று பேசி வைத்துவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. மங்கம்மா வீட்டில் ஒரே பிள்ளை என்பதால் பேச்சுக்கே இடமில்லாமல் முடிந்த கல்யாணம்.

கிருஷ்ணப்பன் நாற்று விடுவார், குச்சி கட்டுவார், மருந்து அடிப்பார், தண்ணீர் பாய்ச்சுவார். தக்காளி மட்டும் பறிக்கத் தெரியாது. வெளியூர் லாரிக்குப் போகிற தக்காளியை நன்றாகச் சிவப்பதற்கு முன்னால், செங்காயாகப் பறிக்க வேண்டும். அவருக்குக் காயும் செங்காயும் ஒரே நிறம். கல்யாணமான புதிதில் தனியாகப் பறித்து மூன்று பெட்டி பச்சைக் காயை மண்டிக்கு அனுப்ப, அங்கே பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் ஒரு வாரம் கேலி செய்தார்களாம். அதற்குப் பிறகு பறிப்பு முழுக்க மங்கம்மாவின் பொறுப்பு. மாமனைச் சீண்ட வேண்டும் என்றால் ஒரு தக்காளியை உயர்த்திப் பிடித்து, "இது என்ன நெறம், சொல்லுங்க பாக்கலாம்" என்பார். அவர் தடவிப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே சொல்வார்.

அந்தக் கேலிக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. அவர்களுக்கு ஒரே மகன், இளம்பரிதி. டிப்ளமோ முடித்தவன். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கான தேர்வுகளில் எல்லாம் தேறி, கடைசியாக மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திருந்தான். சிக்னல் பார்த்து வண்டி ஓட்டுகிற வேலை. நிறம் பிரித்துப் பார்ப்பதில் கொஞ்சம் குறை என்றாலும் ஆள் வெளியே. பையன் செங்காயை ஒழுங்காகத்தான் பறிக்கிறான். ஆனால் நான்கு வருடம் முன்பு, முதல் பயிற்சிச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கி வந்து, "பச்சை எடுத்தாந்தேன்மா" என்று கொடுத்தான். பிரித்தால் மண் நிறம். பழுப்பு. பிள்ளை முகம் வாடக் கூடாது என்று மங்கம்மா, நல்ல பச்சை என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். கிருஷ்ணப்பனும் பார்த்துவிட்டு அருமையான பச்சை என்றார். அவர் சொல்வதை யார் கணக்கில் எடுப்பார்கள்.

குறை லேசாக இருந்தால் தக்காளியில் தெரியாது, துணியில் தெரியும் என்று அன்றிலிருந்து மங்கம்மாவுக்கு ஒரு சந்தேகம். கிருஷ்ணப்பனுக்குச் சந்தேகமே இல்லை. தன் கண்தான் பையனுக்கும் என்று அவன் பிறந்த நாளிலிருந்து முடிவு கட்டி வைத்திருந்தார். ரயில்வே பேச்சு எடுத்தாலே எழுந்து வயலுக்குப் போய்விடுவார்.

இந்த நிலையில் ஒரு திங்கட்கிழமை மரபியல் பக்கம் வந்தது. மங்கம்மா படித்தார்: "நிறக்குருடு உள்ள தந்தைக்கும் இயல்பான தாய்க்கும் பிறக்கும் மகன்களில் எத்தனை சதவீதத்தினருக்கு நிறக்குருடு இருக்கும்?" படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அவருக்கு உறைத்தது. டெல்பின் ஐம்பது என்றாள். சுஜாதா, யாருக்கும் இருக்காது என்றாள். புத்தகத்தின் பின்பக்கம் சுஜாதா சொன்னதுதான் சரி என்றது.

மங்கம்மா விடவில்லை. ஏன் என்று கேட்டார். சுஜாதா கண்ணை மூடியபடியே சொன்னாள். நிறக்குருடு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிற குறை. அப்பாவுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. மகனுக்கு அவர் கொடுப்பது ஒய். மகனுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து மட்டுமே. அப்பாவின் எக்ஸ் மகளுக்குத்தான் போகும். இதை மூன்று தடவை சொல்ல வைத்துக் கேட்டார் மங்கம்மா. பிறகு பஸ்ஸிலேயே போனை எடுத்தார்.

"மாமா, உங்க கண்ணு தம்பிக்குப் போவாது. புஸ்தகத்துலயே போட்டுக்குது" என்றார். எந்தப் புத்தகம் என்று அவர் கேட்டாராம். அன்று மாலையே வினா விடைப் புத்தகத்தை ஒரு நாளைக்குக் கடன் வாங்கிப்போய் மாமனிடம் காட்டினார். கிருஷ்ணப்பன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க மங்கம்மா டிபன் பாக்ஸில் ஏதாவது இனிப்பு கொண்டுவந்தார். எனக்கும் ஒரு ரவா லட்டு கிடைத்தது. அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அதில் போயிற்று.

பத்து நாள் கழித்து ஒரு கேள்வி படத்தோடு வந்தது. குடும்ப வரைபடம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், குறை உள்ளவருக்குக் கறுப்பு. படத்தை வாயால் எப்படிச் சொல்வது? கேன்டீன் மெனு அட்டையின் பின்னால் மங்கம்மா பெரிதாக வரைந்து பிடித்தார். ஒரு ஜோடிக்கு நடுவே மட்டும் இரட்டைக் கோடு இருந்தது. அது எதற்கு என்று டெல்பின் கேட்டாள். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அப்படிப் போடுவது என்று சுஜாதா சொன்னாள். அப்படியென்றால் இந்த பஸ்ஸில் பாதிப் பேருக்கு ரெட்டைக் கோடுதான் என்று யாரோ சொல்ல, சிரிப்பு. மங்கம்மாவும் சிரித்துக்கொண்டே தன் குடும்பத்தை அட்டையின் ஓரத்தில் வரையத் தொடங்கினார். மாமனுக்குக் கறுப்புக் கட்டம். அவருக்குப் பக்கத்தில் அக்கா, ஒரு வட்டம். அக்காவுக்குக் கீழே மகள், இன்னொரு வட்டம். அந்த வட்டத்திலிருந்து மாமனின் கட்டத்துக்கு இரட்டைக் கோடு. அங்கே பேனா நின்றது.

சூளகிரியிலிருந்து ஓசூர் வரை அன்று ஒரு கேள்வியும் வரவில்லை. நான் ஆசைப்பட்ட அமைதி. தூக்கம்தான் வரவில்லை.

இறங்குவதற்கு முன் அட்டையை என்னிடம் காட்டினார். "கேள்வில வர்ற அம்மா அசல்ல வந்தவ அண்ணா. நான் அசல் இல்லியே" என்றார்.

எங்கள் பக்கத்தில் அசல் என்றால் சொந்தம் இல்லாத வெளிக் குடும்பம். எனக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. கிருஷ்ணப்பனின் குறை அவருக்கு அவர் அம்மாவிடமிருந்து வந்தது. அதே அம்மாவுக்குப் பிறந்தவள் அவர் அக்கா. அந்த அக்காவின் மகள் மங்கம்மா. மாமனிடம் இருக்கிற அதே எக்ஸ், கண்ணுக்குத் தெரியாமல் மங்கம்மாவிடமும் வந்திருக்கலாம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் என்பதால் ஒன்றில் குறை இருந்தாலும் இன்னொன்று சமாளித்துவிடும், வெளியே தெரியாது. ஆனால் மகனுக்குக் கொடுக்கும்போது அதுவே போய்ச் சேரலாம். சுஜாதா விரல் விட்டுப் பார்த்து, பாட்டியிலிருந்து பையன்வரை மூன்று கை மாறுகிறது, ஒவ்வொன்றிலும் பாதி, ஆக எட்டில் ஒரு வாய்ப்பு என்றாள். குறைச்சல்தானே அக்கா என்று ஆறுதலும் சொன்னாள்.

"எட்டு தக்காளில ஒண்ணுதான் அழுகல்னா, கூடைய மேலாப்புல பாத்தா தெரியுமா?" என்றார் மங்கம்மா.

நான் பெரிய மனுஷன் போல ஒரு யோசனை சொன்னேன். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், பரிசோதனை முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்று. அதற்கு முன்போ பின்போ மங்கம்மா என்னை அப்படி முறைத்ததில்லை.

"தப்பு பதில் சொன்னா சீட்ட வுடணும்னு சட்டம் போட்டவ நான். வீட்டுல தப்பு பதிலச் சொல்லிட்டு, நான் மட்டும் கம்முனு குந்திக்கினு இருக்கறதா?"

ஞாயிற்றுக்கிழமை காலை, பறிப்பு நேரத்தில், வரப்பில் உட்கார்ந்து கிருஷ்ணப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அட்டையை விரித்துக் காட்டினார். அவர் வெகுநேரம் அந்தக் கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, அப்படியானால் பையனுக்கு வந்திருக்கலாம் என்றுதானே சொல்கிறாய் என்று கேட்டார். மங்கம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "வந்திருக்கலாம் மாமா. ஆனா வந்திருந்தா அது உங்க கிட்ட இருந்து இல்ல. என் கிட்ட இருந்துதான். இத்தன வருசமா நீங்க உங்க தலையில தூக்கிக்கினு திரிஞ்சது உங்க பாரமே இல்ல."

கிருஷ்ணப்பன் அட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தார். "வந்தா வந்துட்டுப் போவட்டும் மங்கா. எங்க ரெண்டு பேருக்கும் தக்காளி பறிச்சுக் குடுக்க நீ இருக்கறியே" என்றார். அதைச் சொல்லும்போது பஸ்ஸில் மங்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஜன்னல் இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

ரயில்வேக்குப் போவதற்கு முன் நாமே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மூன்று பேரும் கிருஷ்ணகிரியில் ஒரு கண் டாக்டரிடம் போனார்கள். மங்கம்மா வேண்டுமென்றே அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போனார். மகன் வாங்கிக்கொடுத்தது, நல்ல காரியத்துக்கு அதைத்தான் கட்டுவது வழக்கமாம். அங்கே ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். பக்கம் பக்கமாகக் கலர் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே மறைந்திருக்கும் எண்கள். இளம்பரிதி ஒவ்வொரு பக்கத்தையும் மூச்சு விடுவதற்குள் படித்தான். பின்னால் நின்ற மங்கம்மா தானும் மனசுக்குள் படித்து, அவன் சொன்ன எண்ணோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கம்வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. தம்பிக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அப்பாவும் பார்க்கிறாரா என்று கேட்டார்.

கிருஷ்ணப்பன் தைரியமாக உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்று சரியாகச் சொன்னார். அது எல்லோருக்கும் தெரிகிற பக்கமாம். இரண்டாவது பக்கத்திலிருந்து வெறும் புள்ளிதான். வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வெளியே வந்து எதிரே டீக்கடையில் நின்றார்கள். சந்தோஷத்தில் மங்கம்மாவுக்கு வாய் நிற்கவில்லை. நான்கு வருடமாக மூடி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டார். "ஏன்டா, அப்புறம் ஏன்டா இந்தச் சேலையப் பச்சைன்னு சொன்ன? பாழாப்போன பழுப்பு. அன்னிக்கே என் உசுரு போச்சு."

இளம்பரிதி டீயை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தான். அவன் கடையில் எடுத்தது பச்சைதானாம். கட்டிக் கொடுக்கும்போது மாற்றிப் போட்டுவிட்டார்கள். பிரித்தபோதே பழுப்பு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் மாற்றி வரலாம் என்று வாயெடுப்பதற்குள் அம்மா நல்ல பச்சை என்று ஆசையாகக் கட்டிக்கொண்டார்.

"சரி, துணியில மட்டும் அம்மாவுக்கும் அப்பா மாதிரியே கண்ணு போலன்னு வுட்டுட்டேன்மா" என்றான்.

மங்கம்மாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அம்மாவும் பிள்ளையும் சிரிப்பதைக் கிருஷ்ணப்பன் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சேலையைப் பார்த்தார். முந்தானையை எடுத்து வெயிலில் பிடித்து இன்னொரு தடவையும் பார்த்தார்.

"அப்போ இது பச்சை இல்லியா?"

நான்கு வருடமாக அந்தச் சேலையைப் பச்சை என்று உண்மையிலேயே நம்பியவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்தப் பச்சையைக் கட்டு, உனக்கு நல்லா இருக்கும் என்று எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

இளம்பரிதி இப்போது ரயில்வே பயிற்சியில் இருக்கிறான். சுஜாதாவும் டெல்பினும் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறார்கள். எப்படியும் அடுத்த வருடத் தேர்வுக்கும் ஆகும் என்று கேள்வி கேட்பது மட்டும் நிற்கவில்லை. மரபியல் கேள்வி வந்தால் மங்கம்மா புத்தகத்தில் இல்லாததை நடுவில் சேர்த்துக்கொள்கிறார். "தாய் அசலா, சொந்தமா?" என்று அவர் கேட்டால் பஸ்ஸே அதைக் கோரஸாகத் திருப்பிக் கேட்கும். என் ஜன்னல் சீட்டைச் சிறுநீரகக் கேள்வி ஒன்றில் மீட்டுவிட்டேன். ஆனாலும் தூங்குவதில்லை.

போன வாரம் ஆயுத பூஜை. கம்பெனியில் எல்லோரும் புதுத்துணியில் வந்திருந்தார்கள். மங்கம்மா குருபரப்பள்ளியில் அந்தச் சேலையோடு ஏறினார். பண்டிகை நாளில் ஏன் அக்கா மண் கலரில் கட்டியிருக்கிறீர்கள் என்று டெல்பின் கேட்டாள். மங்கம்மா முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார்.

"மாமா எடுத்துக் குடுத்தாரு. எங்க வூட்ல இது பச்சைதான்" என்றார்.